தேக்குப் பட்டியில் ஒரு ஸ்நேர் வளையம்

போன ஞாயிறு ஆராதனையில் மூன்றாவது பாட்டு மெதுவான கீர்த்தனை. டிரம் செட்டின் ஸ்நேர் டிரம்மின் மேல் குச்சியைப் படுக்க வைத்து, அதன் தோலை (ஸ்கின்) அமுக்கிப் பிடிக்கும் விளிம்பு வளையமான ரிம்மில் தட்டினேன். இத்தனை நாள் 'டிக்' என்று ஆணி அடிப்பதுபோல் கேட்ட இடத்தில் 'டொக்' என்று விழுந்தது. கீபோர்டு வாசிக்கிற தம்பி சட்டென்று திரும்பிப் பார்த்தான். ஆறு வருடமாக அதே டிரம்மைத்தான் வாசிக்கிறேன். அந்தச் சத்தம் அதிலிருந்து ஒரு நாளும் வந்ததில்லை.

ஸ்டீல் ரிம்மைக் கழற்றிவிட்டு, நானே செய்த தேக்கு வளையத்தை மாட்டியதுதான் காரணம். மாசியில் ஆரம்பித்த வேலை, ஆனி முடியும்போதுதான் கைக்கு வந்தது. மூன்று முறை கெட்டது. எங்கே கெட்டது, ஏன் கெட்டது, அளவுகள் என்ன என்பதை மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன்.

டிரம் சாதாரணமானது. 14 அங்குல விட்டம், 5.5 அங்குல ஆழம், ஸ்டீல் ஓடு, ரிம்மைக் கீழே இழுக்கும் நீள போல்ட்டுகள் (ராட்) திருகி நுழைய 8 லக். மேலும் கீழும் 1.6 மி.மீ. தகட்டை மடித்துச் செய்த ஸ்டீல் ரிம். மதுரையில் கூடல்நகர் பக்கம் இருக்கும் எங்கள் சபையின் ஹால் 40 அடி நீளம், 22 அடி அகலம். மேலே கான்கிரீட், கீழே டைல்ஸ், ஜன்னலுக்குத் திரைகூடக் கிடையாது. அந்த அறையில் ஸ்டீல் ஓடும் ஸ்டீல் ரிம்மும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது வாசித்தவர்களுக்குத் தெரியும். முன் வரிசையில் உட்காரும் ஒரு பாட்டியம்மா, ரிம்மையும் ஸ்கின்னையும் ஒரே அடியில் அடிக்கும் ரிம்ஷாட் விழும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொள்வார். அதைப் பார்த்துக்கொண்டே வாசிப்பது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

ஸ்கின்னில் டேப் ஒட்டிப் பார்த்தேன், கைக்குட்டை போட்டுப் பார்த்தேன். நடுவில் அடிக்கும் சத்தம் செத்துப்போனதே தவிர, ரிம்மின் 'கிண்' அப்படியே இருந்தது. குச்சி இரும்பில் படுகிறது, இரும்பு சத்தம் போடுகிறது. ஸ்கின்னை அமுக்கி என்ன பயன்? அப்போதுதான் ரிம்மையே மாற்றலாம் என்று தோன்றியது. கடையில் இரண்டு மாற்று உண்டு. ஒன்று அச்சில் வார்த்த துத்தநாகக் கலவை ரிம். கனமானது, இழுத்துக் கட்டியதுபோல் சுருக்கமாகச் சத்தம் தரும். இன்னொன்று மர வளையம், பெரும்பாலும் மேப்பிள். பழைய ராணுவ டிரம்களில், கயிறு இழுத்துக் கட்டிய காலத்தில், மர வளையம்தான் வழக்கம். மேப்பிள் வளையம் ஒரு ஜோடியை வெளியிலிருந்து வரவழைக்க ஆகும் செலவை விசாரித்தேன். என் ஸ்நேரின் விலையைவிட அதிகம். சரி, நாமே செய்வோம் என்று இறங்கினேன்.

மேல் ரிம் மட்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டேன். கீழ் ரிம்மில், அடித்தோலில் உரசும் ஸ்நேர் வயரின் நாடா நுழைய இரண்டு பக்கமும் வெட்டுவாய் வேண்டும். வயரை ஏற்றி இறக்கும் நெம்புகோலும் தடிமனான மரத்தில் இடிக்கும். குச்சி படுவது மேலேதானே.

முதலில் எனக்கு நினைவுக்கு வந்தது தப்பு, அதாவது பறை. தப்பின் சட்டமும் ஏறத்தாழ 14 அங்குல மர வளையம்தான். அலங்காநல்லூர் தாண்டி ஒரு கிராமத்தில் தப்பு செய்கிற பெரியவர் ஒருவரைத் தேடிப் போனேன். வேம்பில் மூன்று வில் துண்டுகளை அறுத்து, சேருமிடத்தில் இரும்புத் தகடு வைத்து இறுக்குவார். ஸ்நேரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல தோலு எங்க ஒட்டுது?"

"ஒட்டுறதில்லைய்யா. இந்த வளையம்தான் தோலை அமுக்கிப் பிடிக்கும். எட்டு போல்ட் கீழ இழுக்கும்."

"அப்ப இது சட்டமில்ல தம்பி, மூடி. சட்டத்துக்குச் செய்யிறது மூடிக்கு நிக்குமான்னு தெரியலயே. செஞ்சு தாரேன், போட்டுப் பாருங்க."

அவர் சொன்னதுதான் நடந்தது. 13 மி.மீ. தடிமனில் அழகாகச் செய்து கொடுத்தார், 500 ரூபாய் வாங்கிக்கொண்டார். தப்பில் தோல் சட்டத்தோடு ஒட்டியிருப்பதால் இழுவிசை சுற்றிலும் ஒரே சீராக உள்நோக்கி வரும். ஸ்நேரில் எட்டு இடத்தில் மட்டும் கீழே இழுக்கிறது. இடைப்பட்ட இடம் மேலே வளையப் பார்க்கிறது. பலகையிலிருந்து அறுத்த வில்லில், முனைப்பக்கம் மர நார் குறுக்காக ஓடும். நான்காவது சுற்று இறுக்கும்போது அந்தக் குறுக்கு நாரில் 'பட்' என்று விரிசல் விட்டது.

அதே முயற்சியில் இன்னொரு பாடமும் கிடைத்தது. 13 மி.மீ. தடிமன் இந்த டிரம்முக்கு அதிகம். என் டிரம்மில் ஓட்டின் வெளிப்பக்கத்திலிருந்து ராட்டின் நடுப்புள்ளி 14 மி.மீ. தள்ளி இருக்கிறது. வளையம் தடித்தால் ராட் வெளியே தள்ளப்பட்டு, லக்குக்குள் சாய்வாக நுழைகிறது. ஒரு லக்கின் மரை பாதி தேய்ந்தது. மர வளையம் செய்ய நினைப்பவர்கள் மரத்தைத் தேடும் முன்பே இந்த ஒரு அளவை எடுத்துவிடுங்கள்.

அடுத்து, ஒரே பட்டியை ஆவியில் வளைக்கலாம் என்று போனேன். பழைய வீடு இடித்த மரம் விற்கும் கடையில் தேக்குக் கட்டை ஒன்று, 3க்கு 2 அங்குலம், நாலடி நீளம், 650 ரூபாய். ரம்பப் பட்டறையில் 9 மி.மீ. பட்டியாக ஒன்று அறுக்கச் சொன்னேன். குக்கரில் இருந்து ரப்பர் குழாய் வழியாக ஆவியை ஒரு பி.வி.சி. பைப்புக்குள் விட்டு, பட்டியை உள்ளே வைத்தேன். கால் மணி நேரத்தில் பைப் வாழைத்தண்டுபோல் தொய்ந்து வளைந்தது. இந்த வேலைக்கு பி.வி.சி. ஆகாது, மரப்பெட்டியோ இரும்பு பைப்போ வேண்டும். பட்டியை எடுத்து வளைத்தேன். கால் வட்டம்கூட வரவில்லை, வெளிப்பக்கம் நாராக உரிந்து உடைந்தது. ஐம்பது அறுபது வருடம் வீட்டுக்குள் காய்ந்த தேக்கு அவ்வளவு சீக்கிரம் வளையாது.

அதன்பிறகுதான் மெல்லிய பட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டும் முறைக்கு வந்தேன். மீதிக் கட்டையை 36 மி.மீ. அகலத்தில், 2.5 மி.மீ. கனத்தில் அறுக்கச் சொன்னேன். பதினாறு பட்டி தேறியது. அறுப்புக் கூலி 200. இரட்டைப் பக்க டேப்பால் ஒவ்வொன்றையும் பலகையில் ஒட்டி, இழைப்புளியால் 1.5 மி.மீ.க்கு இறக்கினேன். இதற்கே இரண்டு சனிக்கிழமை போயிற்று. வெர்னியரால் ஒவ்வொரு பட்டியிலும் ஐந்து இடத்தில் அளந்தேன். இங்கே கால் மி.மீ. ஏறி இறங்கினால் கடைசியில் வளையம் ஒரு பக்கம் தடித்து நிற்கும். 1.5 மி.மீ. பட்டி, ஆவியும் வேண்டாம் தண்ணீரும் வேண்டாம், கையாலேயே வளைகிறது.

அச்சு, 18 மி.மீ. பிளைவுட் இரண்டை ஒட்டி வெட்டிய வட்டம். விட்டம் 359 மி.மீ. ஓட்டின் வெளிவிட்டம் 354. ஸ்கின்னின் அலுமினிய வளையம் இதற்கு வெளியே உட்காரும். மர வளையத்தின் அடிப்பக்கம் அதன்மேல்தான் அமர வேண்டும், ஸ்கின்னின் மடிப்பில் உரசக்கூடாது. அந்த இடைவெளிக்காகத்தான் 5 மி.மீ. கூடுதல். தெரிந்த ஆசாரி ஒருவர், நடுவில் ஆணி வைத்து ரூட்டரை (மரம் குடையும் மிஷின்) சுற்றவிட்டு வெட்டிக்கொடுத்தார். வெட்டி முடித்தபின் நான்கு திசையில் அளந்தோம்; வித்தியாசம் 0.3 மி.மீ.தான்.

முதல் சுற்றுப் பட்டிக்கு 1128 மி.மீ. நீளம். அதன்பின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறத்தாழ 9.4 மி.மீ. கூடும். ஆனால் கணக்குப் போட்டு வெட்டாமல், சுற்றிப் பார்த்துக் குறித்து வெட்டுவதே நல்லது. பசையின் கனமும் சேர்ந்துகொள்கிறது. முனைகள் சேரும் இடத்தை ஒவ்வொரு சுற்றிலும் வட்டத்தில் ஆறில் ஒரு பங்கு தள்ளித் தள்ளி வைத்தேன். ஆறு பட்டி, ஆறு இணைப்பு, ஒன்றுக்கு மேல் ஒன்று வராது. இறுக்கிக் கட்ட, பஞ்சர் கடையில் கிடந்த பழைய சைக்கிள் டியூப் நான்கை நீளவாக்கில் வெட்டிச் சுற்றினேன். கிளாம்ப் பத்து இருந்தாலும் இந்தச் சீரான அழுத்தம் வராது.

இதிலும் முதல் தடவை கெட்டது. சாதாரண வெள்ளைப் பசை போட்டு ஒட்டி, மறுநாள் டியூப்பை அவிழ்த்தால் மூன்றாவது பட்டிக்கும் நான்காவது பட்டிக்கும் நடுவில் நகம் நுழைகிறது. ஆசாரியிடம் காட்டினேன்.

"தேக்குல எண்ணெய் இருக்கும்ல தம்பி. தின்னர் வச்சுத் துடைச்சீங்களா?"

துடைக்கவில்லை. தேக்கின் எண்ணெய்ப் பசைதான் அதைக் கரையானிடமிருந்து காக்கிறது; அதுதான் ஒட்டவும் விடாது. மீதமிருந்த பத்துப் பட்டியில் நல்ல ஆறைப் பொறுக்கி, 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, தின்னரில் நனைத்த துணியால் துணியில் மஞ்சள் ஏறாதவரை துடைத்தேன். துடைத்த பத்து நிமிடத்துக்குள் மெதுவாக இறுகும் எபாக்சிப் பசையைப் பூசினேன். ஒரு நாளைக்கு இரண்டு சுற்று வீதம் மூன்று நாள். அச்சின் ஓரத்தில் முதலிலேயே பேக்கிங் டேப் சுற்றியிருந்ததால் வளையம் அச்சோடு ஒட்டிக்கொள்ளாமல் சுத்தமாகக் கழன்று வந்தது. 9 மி.மீ. தடிமன். தரையில் போட்டால் 'டங்' என்று ஒரே குரலில் சத்தம் கேட்டது. உள்ளே எங்கும் விடுபடவில்லை என்று அதிலிருந்தே தெரிந்தது.

இனி கொக்கிகள். ஸ்டீல் ரிம்மில் ராட் நுழையத் துளை இருக்கும். மர வளையத்தில் அது கிடையாது, கொக்கிதான் மேலிருந்து பிடிக்க வேண்டும். பேஸ் டிரம் கொக்கி இதற்குப் பெரிது. தெற்குவாசல் பக்கம் ஒரு பட்டறையில் 2 மி.மீ. தகட்டில் எட்டு செய்யச் சொன்னேன், ஒன்று 60 ரூபாய். சித்திரைத் திருவிழா நேரம். அழகர் மலைக்குத் திரும்பும்வரை பட்டறை திறக்கவில்லை, பத்து நாள் காத்திருந்து வாங்கினேன். மாட்டி இறுக்கியதும் இரண்டு தவறு தெரிந்தது. தகடு மெலிசு, வளைவு விரிந்துகொடுத்தது. இன்னொன்று என் வரைபடத்தின் தவறு: வளையத்தின் உட்பக்கம் இறங்கிப் பிடிக்க மடிப்பு வைக்கவில்லை. ராட் வெளியே இருந்து இழுக்கிறது, கொக்கி சாய்ந்து வழுக்குகிறது.

இரண்டாவது தடவை 3 மி.மீ. பட்டை இரும்பு, 20 மி.மீ. அகலம். உட்பக்கம் 5 மி.மீ. இறங்கும் மடிப்பு, மேலே வளையத்தின் தடிமன், வெளிப்பக்கம் 20 மி.மீ. இறங்கும் கால், அதன் அடியில் வெளியே நீட்டிய காதில் 6.5 மி.மீ. துளை. ஒன்று 90 ரூபாய். ராட் நேராக நிற்பதற்காக, எட்டு இடத்திலும் வளையத்தின் வெளிப்பக்கத்தை உளியாலும் அரத்தாலும் 3.5 மி.மீ. பள்ளமாகக் குடைந்தேன். கொக்கி அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தபின் ராட் பழையபடி ஓட்டிலிருந்து 14 மி.மீ. தூரத்தில் செங்குத்தாக நின்றது. பழைய ராட்களே போதுமானதாக இருந்தன. கொக்கிக்கு அடியில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்று வைத்தேன். இல்லாவிட்டால் இரும்பும் மரமும் சேர்ந்து கரகரக்கும்.

வளையத்தின் அடிப்பக்கம் சமமாக இருக்கிறதா என்று சமையல் மேடையின் கிரானைட் கல்லில் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் அமுக்கினால் மறு பக்கம் ஒன்றரை மி.மீ. தூக்கியது. அதே கல்லில் 80 நம்பர் தாளை ஒட்டி, ஆடாமல் உட்காரும்வரை தேய்த்தேன். இதில் சோம்பல் பட்டால் சுருதி சேர்க்கவே முடியாது.

உயரமும் ஒரு பிரச்சினை ஆயிற்று. 36 மி.மீ. உயரத்தில் வளையம் ஸ்கின்னுக்கு மேல் மிக உயர்ந்து நின்றது. ரிம்ஷாட்டுக்குக் குச்சியைச் சாய்க்க முடியவில்லை, மணிக்கட்டு இடித்தது. மேல்பக்கத்தை 28 மி.மீ. வரை இறக்கி, ஓரத்தை உருட்டினேன். அப்போதும் ஸ்டீல் ரிம்மைவிடச் சற்று உயரம்தான். ஸ்டாண்டை ஒன்றரை செ.மீ. தாழ்த்தியபின் கை பழகியது. கடைசியில் மூன்று கோட் பாலியூரிதேன் வார்னிஷ். வளையம் மட்டும் 210 கிராம், எட்டுக் கொக்கியும் சேர்த்து 440. கழற்றிய ஸ்டீல் ரிம் 720 கிராம்.

இப்போது சத்தம். முதலில் நானே என்னை ஏமாற்றிக்கொண்டேன். மர வளையம் போடும்போது கூடவே புது ஸ்கின்னும் போட்டேன். அடித்ததும் டிரம்மே மாறிவிட்டதுபோல் இருந்தது. இரண்டு நாள் கழித்து யோசித்தேன்: பழைய ஸ்கின் எட்டு மாதம் அடிபட்டது, இது புதிது, எது எதனால் வந்த மாற்றம்? அந்த நாளே வளையத்தைக் கழற்றி, அதே புது ஸ்கின்னில் ஸ்டீல் ரிம்மை மாட்டினேன். இரண்டு தடவையும் ஒவ்வொரு லக் அருகிலும் தட்டி, போன் டியூனரில் 340 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவந்தேன். அதே குச்சி, அதே ஹால், போனை ஒரு மீட்டரில் ஒரு தடவையும் கடைசி பெஞ்சில் ஒரு தடவையும் வைத்துப் பதிவு செய்தேன். நான் கேட்ட வித்தியாசத்தில் பாதிக்கு மேல் புது ஸ்கின்னுடையது.

மீதி உண்மையாகவே வளையத்துடையது. நடுவில் மட்டும் அடித்தால் பெரிய மாற்றம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பத்தில் நான்கு முறை நானே தவறாகச் சொன்னேன். அடித்தபின் நீளும் ரீங்காரம் மட்டும் கொஞ்சம் சீக்கிரம் அடங்குகிறது. ஸ்டீல் ஓட்டின் 'கணீர்' குறைகிறதே தவிரப் போகவில்லை. மர வளையம் போட்டால் ஸ்டீல் டிரம் மர டிரம் ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ரிம்ஷாட்டில் மாற்றம் தெளிவு. முன்பு முதலில் இரும்பு கேட்கும், பிறகு ஸ்கின் கேட்கும். இப்போது இரண்டும் சேர்ந்து 'டப்' என்று ஒரே அடியாக விழுகிறது. கூர்மை குறைவு, உடம்பு அதிகம். திறந்த மைதானத்தில் கிட்டார்களுக்கு மேலே எழும்ப வேண்டிய இடத்தில் இது குறையாகவே இருக்கும். எங்கள் ஹாலுக்கு இதுதான் தேவை.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம், குச்சியைப் படுக்க வைத்துத் தட்டுவதில்தான். அகலமான மரத்தில் மரக்குச்சி மொத்தமாக விழுகிறது. கட்டையைத் தட்டிய கனம், நல்ல வயிறுள்ள சத்தம். முன்பைவிடச் சத்தமாகவும் கேட்கிறது. கடைசி பெஞ்சுப் பதிவில் மைக் இல்லாமலே ஒவ்வொரு தட்டும் தனித்தனியாக இருக்கிறது. ஒரு கவனம்: கொக்கிமேல் குச்சி பட்டால் பழைய இரும்புச் சத்தம்தான் வரும். அதனால் இரண்டு கொக்கிக்கு நடுவே தட்டும்படி டிரம்மைத் திருப்பி வைக்க வேண்டும்.

சுருதி சேர்ப்பதிலும் பழக்கம் மாறுகிறது. மெலிசான ஸ்டீல் ரிம்மில் ஒரு ராட்டைத் திருகினால் அந்த இடம் மட்டும் ஏறும். இது விறைப்பாக இருப்பதால் பக்கத்து லக்குகளும் சேர்ந்து அசைகின்றன. கால் சுற்று கால் சுற்றாக, எதிரெதிரே போக வேண்டும்.

செலவு: தப்புச் சட்டம் 500, தேக்கு 650, அறுப்பு 200, வீணான வெள்ளைப் பசை 120, எபாக்சி 480, பிளைவுட்டும் ஆசாரி கூலியும் 700, முதல் கொக்கிகள் 480, இரண்டாவது கொக்கிகள் 720, தாள், தின்னர், பாலியூரிதேன் எல்லாம் 400. மொத்தம் 4,250. தவறுகளைக் கழித்தால் 3,150க்கு முடிந்திருக்கும். அச்சு கையில் இருப்பதால் அடுத்த வளையத்துக்கு இன்னும் குறையும்.

இதற்குள்ளேயே மேல் ஓரத்தில் குச்சிபட்டுச் சின்னச் சின்னப் பள்ளங்கள் விழுந்திருக்கின்றன. தேக்கு மேப்பிளைவிட மெத்து. அடுத்ததில் உள்ளே தேக்கும், உட்சுற்றிலும் வெளிச்சுற்றிலும் பூவரசும் வைக்கப்போகிறேன். தவில் குச்சிக்கே அந்த மரத்தைத்தான் எடுக்கிறார்கள், அடி தாங்கும். கொக்கி இருக்கும் இடத்தில் 5.5 மி.மீ.தான் மரம் மிச்சம். இதுவரை விரிசல் இல்லை, ஆனால் தினமும் ஒரு தடவை அங்கே விரல் வைத்துப் பார்க்கிறேன். அடுத்த வளையத்தில் பட்டிகளை இன்னும் மெல்லிதாக்கி, அதே 9 மி.மீ.க்குள் எட்டுச் சுற்று வைப்பேன். ஐப்பசி மழையில் இது எப்படி நடந்துகொள்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இடையில் இரண்டு நாள் பெய்த மழைக்கே ராட்கள் பாதிச் சுற்று தளர்ந்தன.

அலங்காநல்லூர்ப் பெரியவரிடம் டிரம்மை எடுத்துப் போய்க் காட்டினேன். வளையத்தை நகத்தால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டார். விரிசல் விட்ட வேம்புச் சட்டத்தைத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார். விரிசலுக்கு மேல் தகடு போட்டுத் தப்பாக்கி, ஊரில் பழகுகிற பையன்களுக்குக் கொடுப்பாராம்.